அந்த அமைதி தானாக வந்ததில்லை

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எந்தப் பயண இதழைப் புரட்டினாலும், எந்தக் காணொளியைத் திறந்தாலும் இன்று ஒரே கதைதான். அகல டயர் மாட்டிய கிராவல் சைக்கிள். இருபுறமும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். பக்கத்தில் அசையாத கால்வாய் நீர், தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம். கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் இல்லை. மனிதக் கை படாத இயற்கை, காலம் உறைந்துபோன கிராமம், நவீன உலகத்திலிருந்து விடுதலை என்று வருணனை பின்தொடரும். கடைசியில் சைக்கிளின் விலையும் சுற்றுலா ஏற்பாட்டாளரின் தொடர்பு எண்ணும் வந்து நிற்கும்.

இந்தக் கதையில் படம் உண்மை. அதற்குக் கொடுக்கும் விளக்கம் பொய். அந்த விளக்கம் மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. பிரான்ஸின் கிராமப்புறம் இயல்பிலேயே வண்டிச் சத்தம் அற்றது என்பது முதலாவது. அந்தப் பாதைகள் யாரும் போடாமல் பழங்காலந்தொட்டு அப்படியே கிடப்பவை என்பது இரண்டாவது. ஏற்ற சைக்கிளை வாங்கிவிட்டால் அந்தச் சுதந்திரம் கைக்கு வந்துவிடும் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு, அதோடு கேடு விளைவிக்கும் தவறு. இயற்கை தந்தது என்று நம்பப்படும் எதற்கும் யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள், சட்டம் கேட்க மாட்டார்கள், அது பறிபோகும்போது ஏனென்று விசாரிக்கவும் மாட்டார்கள்.

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸில் காரை விட்டுவிட்டு வாழ்வது பாரிஸ்காரருக்கு எளிது, கிராமத்தாருக்கு அப்படியில்லை. வேலைக்கு, கடைக்கு, மருத்துவரிடம், பிள்ளையின் பள்ளிக்கு என்று எதற்கும் வண்டியை எடுத்தாக வேண்டும். 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிக் கிளர்ச்சி வெடித்ததற்கு உடனடிக் காரணமே எரிபொருள் வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல், நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் வேக வரம்பை 90 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகக் குறைத்தார்கள். கிராமப்புறம் அதற்கும் கொதித்தது. 2019 இறுதியில் வந்த சட்டம், விரும்பும் மாவட்ட மன்றங்கள் தங்கள் சாலைகளில் பழைய வேகத்துக்குத் திரும்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பல மாவட்டங்கள் திரும்பின. படத்தில் தெரியும் அதே திராட்சைத் தோட்டத்துக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி ஓடும் மாவட்டச் சாலையின் நிலைமை இதுதான்.

அந்தச் சாலையில் சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. விதி இருக்கிறது, விபத்தும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் பிரான்ஸின் சாலைகளில் 221 சைக்கிள் ஓட்டிகள் இறந்தார்கள். இத்தகைய சாவுகளில் பெரும்பகுதி நகர நெரிசலில் நடப்பதில்லை, ஊர் எல்லைக்கு வெளியே, வண்டிகள் வேகமெடுக்கும் திறந்த சாலைகளில்தான் நடக்கிறது. ஆகவே நாட்டுப்புறம் என்றால் அமைதி என்று எழுதுகிறவர்கள் நாட்டுப்புறத்தைப் பார்த்துவிட்டு எழுதவில்லை. அங்கே கார் இல்லாத பாதை ஒரு விதிவிலக்கு. கார்கள் நிறைந்த நிலப்பரப்புக்கு நடுவே வலிந்து வகுந்தெடுத்த விதிவிலக்கு.

வகுந்தெடுத்த கத்தி எது? சட்டம். மோட்டார் வண்டிகள் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த சாலைகளையும் பாதைகளையும் விட்டு இயற்கை வெளிகளுக்குள் புகக் கூடாது என்று 1991 ஜனவரி 3-ஆம் தேதியிட்ட சட்டம் தடுத்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரிஸ் லலோந்தின் பெயரால் அது இன்றும் அறியப்படுகிறது. நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், குதிரையில் போகிறவர்கள் ஆகியோருக்கான ‘பசுமை வழி’ என்ற பாதை வகை 2004 செப்டம்பர் 16-ஆம் தேதி ஆணையால்தான் போக்குவரத்து விதிநூலுக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால் 1998 டிசம்பரில் அரசு ஒரு தேசிய சைக்கிள் வழித்திட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. இந்தத் தேதிகளை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. காலம் உறைந்த கிராமம் என்ற வசனத்துக்கு 2004 என்ற ஆண்டு பொருந்தாதே!

இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். பாதைகள் தாமாகக் கிடந்தனவாம். கிராவல் சைக்கிள்காரர்கள் அதிகம் கொண்டாடும் மிடி கால்வாயையே பார்க்கலாம். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல் வரை சுமார் 240 கிலோமீட்டர். பதினான்காம் லூயியின் காலத்தில், அமைச்சர் கோல்பேரின் ஆதரவோடு, பியேர்-போல் ரிக்கே என்பவர் கட்டியது. ரிக்கே பொறியாளர் இல்லை. லாங்டொக் பகுதியில் உப்பு வரி வசூலிக்கும் குத்தகைதாரர். 1666-இல் அரசாணை கிடைத்தது; 1681-இல் கால்வாய் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன், 1680 அக்டோபரில், கடன் சுமையோடு ரிக்கே இறந்துபோனார்.

வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 12,000 பேர் மண் வெட்டினார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். ஆள் கிடைக்காத காலத்தில் அவர்களைத் தக்கவைக்க ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்தார். மழையால் வேலை நின்ற நாளுக்கும் கூலி கொடுத்தார். கறுப்பு மலைத்தொடரின் ஓடைகளை மறித்து சேன்-ஃபெரியோல் அணையைக் கட்டி, அந்த நீரை நோரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு பக்கம் அட்லாண்டிக் திசைக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் இறக்கினார்கள். பெஸியே நகரருகே ஃபோன்சரான் என்ற இடத்தில் அடுக்கடுக்கான நீர்ப்பூட்டுகள் படகைப் படிப்படியாகக் குன்றிறக்குகின்றன. மல்பாஸ் குன்றைக் குடைந்து படகு போகும் சுரங்கம் அமைத்தார்கள். ஒரு வரித் துளி, ஒரு மண்வெட்டி, ஒரு கணக்குப் புத்தகம் இல்லாமல் இதில் எந்த அடியும் எழவில்லை.

இன்று டயர் உருளும் கரைப்பாதையும் காட்சிக்காகப் போட்டதில்லை. குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துச் செல்வதற்காகப் போட்டது. அதனால்தான் அது மட்டமாக இருக்கிறது. அதனால்தான் பாலத்தின் அடியிலும் நீரை ஒட்டியே ஓடுகிறது. ஏற்றமில்லாத இனிய பாதை என்று சுற்றுலாக் குறிப்பேடு மெச்சும் குணம், சரக்கு இழுத்த குதிரையின் தேவையால் வந்த குணம். பிறகு ரயில் வந்தது. பிரான்ஸின் தெற்கு ரயில்வே நிறுவனம் 1858-இல் கால்வாயையே நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, போட்டியாளனைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. 1898-இல் அரசு கால்வாயைத் திரும்பப் பெற்றபோது சரக்குகள் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு மாறியிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சரக்குப் படகு ஒழிந்தது. அங்கே நிலவும் அமைதி, தோற்றுப்போன ஒரு தொழிலின் அமைதி.

அந்த நிழலாவது இயற்கை தந்ததா? கால்வாயின் அடையாளமான பிளேன் மரங்களில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்டவை. ஏறத்தாழ 42,000 மரங்கள். கரையைப் பிடித்து நிறுத்தவும் நீர் ஆவியாவதைக் குறைக்கவும் நிழல் தரவும் திட்டமிட்டு வைத்த வரிசைகள் அவை. 2006-இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. மரத்தின் சாறோட்டத்தை அடைத்துச் சில ஆண்டுகளில் பட்டுப்போக வைக்கும் நோய். இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கப் படைகளோடு வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையில் ஏறி அது பிரான்ஸுக்குள் வந்ததாக நம்பப்படுகிறது. மரத்துக்கு மரம் வேர் வழியாகவும், கரையில் உரசும் படகுகள் வழியாகவும் பரவுகிறது. மருந்து இல்லை, வெட்டி எரிப்பதுதான் வழி. அரசின் நீர்வழி நிறுவனம் பல்லாயிரம் மரங்களை வெட்டி, அந்த இடங்களில் வேறு பல இன மரங்களை நட்டு வருகிறது. வெயில் கொளுத்தும் மொட்டைக் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இயற்கை அழிகிறதே என்று புலம்புகிறவர் ஒரு நொடி யோசிக்க வேண்டும். அழிந்தது நட்டது; அதன் இடத்தில் வளர்வதும் நட்டதே. இரண்டுக்கும் செலவு பொதுப் பணத்திலிருந்து.

நட்டால் மட்டும் போதாது. கரைக்குள் வளை தோண்டும் நீரெலி வகைகளைக் கட்டுப்படுத்த வேண்டும். மழையில் கரைந்த விளிம்பை மறுபடி கட்ட வேண்டும். பிளேன் மர வேர்கள் பாதையைப் பிளந்து எழும்பும் இடங்களைச் சீர்செய்ய வேண்டும். குளிர்காலத்தில் சில பகுதிகளில் நீரை வடித்துவிட்டு நீர்ப்பூட்டுக் கதவுகளைப் பழுதுபார்க்கிறார்கள். துலூஸிலிருந்து கிழக்கே போர்-லோராகே வரை, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், பாதை வழவழப்பாகத் தார் போட்டிருக்கிறது. மாவட்ட எல்லை தாண்டி ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் தார் முடிந்துவிடும்; போகப்போக மண்ணும் கல்லும் வேரும் தலைகாட்டும். கிராவல் விரும்பிகள் அங்கே உற்சாகமடைந்து, உண்மையான இயற்கை இப்போதுதான் தொடங்குகிறது என்பார்கள். உண்மையில் தொடங்குவது வேறொரு மாவட்ட மன்றத்தின் வரவுசெலவுக் கணக்கு.

கால்வாயை விட்டுத் தண்டவாளத்துக்கு வருவோம். பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரேசினே 1879-இல் பெரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். நாட்டின் சிற்றூர்த் தலைநகர்கள் வரை ரயில் போக வேண்டும். முக்கியக் கால்வாய்களின் நீர்ப்பூட்டுகள் ஒரே அளவில், 38.5 மீட்டர் நீளத்தில், அமைய வேண்டும். குடியரசு தன் இருப்பைக் கிராமங்களுக்குக் காட்ட விரும்பிய காலம் அது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளைப்பாதைகள் எழுந்தன. அவற்றில் பல, காரும் பேருந்தும் வந்தபின் பயணிகளை இழந்தன. 1938-இல் தேசிய ரயில் நிறுவனம் உருவான கையோடு பயணிகள் சேவை பல கிளைகளில் நிறுத்தப்பட்டது. போருக்குப் பிறகும் மூடல் தொடர்ந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மிஞ்சியது கருங்கல் ஜல்லிப் படுகை, மென்மையான சரிவு, நீண்ட வளைவு.

அந்த மிச்சத்தின் மேல்தான் பிரான்ஸின் முதல் பசுமை வழி, அந்தப் பெயர் விதிநூலில் ஏறும் முன்பே, 1997-இல் திறக்கப்பட்டது. பர்கண்டிப் பகுதியின் சோன்-எ-லுவார் மாவட்டத்தில், ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். கோத் ஷலொனேஸ் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி, புய்க்ஸி, கோர்மாத்தன் ஊர்கள் வழியாகப் போகிறது. பழைய நிலையக் கட்டடங்கள் இன்னும் பாதையோரம் நிற்கின்றன. க்ளூனிக்குத் தெற்கே மாக்கோன் நோக்கிப் போகும்போது புவா க்ளேர் என்ற ரயில் சுரங்கம் வரும், 1.6 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். வவ்வால்கள் உறங்குகின்றன. சைக்கிள்காரர்கள் மேட்டைச் சுற்றிப் போக வேண்டும். நீராவி எஞ்சினுக்காகக் குடைந்த மலை, வவ்வாலுக்கும் சைக்கிளுக்கும் கால அட்டவணை போட்டுப் பங்கிடப்படுகிறது. இங்கே இயற்கை என்று நாம் சுட்டுவதும்கூட ஒரு நிர்வாக ஏற்பாட்டுக்குள்தான் உயிரோடு இருக்கிறது.

போர்தோவிலிருந்து சோவ்தேர்-த-கியேன் வரை ‘இரு கடல்களின் இடைநாடு’ என வழங்கும் திராட்சைப் பகுதிக்குள் போகும் பாதையும் இத்தகைய பழைய ரயில் தடம்தான். 1937-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ரொஜே லப்பேபியின் பெயர் அதற்கு. அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் செய்திக்குப் பிறகு வருகிறேன்.

இனி திராட்சைத் தோட்டங்கள். பர்கண்டியில் போன் நகரிலிருந்து சாந்தனே வரை ‘திராட்சைக்கொடிகளின் வழி’ என்று ஒரு பாதை, சுமார் 22 கிலோமீட்டர். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலின்யி-மோந்த்ரஷே என்று மதுப்புட்டியின் லேபிளில் மட்டுமே பலர் பார்த்த பெயர்கள் ஒவ்வொன்றாக ஊர்களாக எதிர்ப்படும். இந்தச் சரிவுகளின் 1,247 தனித்தனி நிலத்துண்டுகளை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓவியம்போல் நேர்க்கோட்டில் நிற்கும் கொடிகளைப் பார்த்து, நூற்றாண்டுகளாக மாறாத காட்சி என்று எழுதாத பயணி இல்லை.

அந்த நேர்க்கோடு அவ்வளவு பழையதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலோக்செரா என்னும் வேர்ப்பேன் பிரான்ஸின் கொடிகளைத் தின்று தீர்த்தது. 1878-இல் அது மெர்சோவில் கண்டறியப்பட்டது. அதற்கு முன் கொடிகளைக் கூட்டமாக, ஒழுங்கில்லாமல் வளர்த்தார்கள். தண்டை மண்ணில் புதைத்துப் புதுச்செடி எடுப்பார்கள். அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோதுதான் வரிசை வந்தது, குதிரை ஏர் புகுவதற்காக. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொடி வரிசையின் மேலே கால் பரப்பி நடக்கும் உயரமான டிராக்டர் வந்தது. சைக்கிள்காரர் போகும் பாதை அந்த டிராக்டருக்கான வேலைப்பாதை. பெருமழையில் சரிவின் அடிக்கு இறங்கிய மண்ணை மறுபடி மேலே ஏற்றுவது அங்கே ஆண்டாண்டாக நடந்துவந்த வேலை. செப்டம்பரில் அறுவடைக்கு வரும் கூலியாட்கள், மருந்து தெளிக்கும் நாள்கள், கழுவும் தொட்டிகள் என்று அது ஒரு தொழிற்கூடம். கூரை மட்டும்தான் இல்லை. அங்கே டிராக்டருக்கு வழிவிடுவது பெருந்தன்மை ஆகாது. விருந்தாளி செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை.

மூன்றாவது நம்பிக்கை, சைக்கிள் கொடுக்கும் சுதந்திரம். கிராவல் என்ற பெயரில் இன்று விற்பது புதுக் கண்டுபிடிப்பு என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய நெடும்பந்தயம் அந்த மோகத்துக்கு வழி திறந்தது உண்மை. சர்வதேச சைக்கிள் சங்கம் 2022-இல் முதல் கிராவல் உலகப் போட்டியை இத்தாலியில் நடத்தியதும் உண்மை. ஆனால் அகல டயர், பல கியர், மண்பாதை என்ற மூன்றும் பிரான்ஸில் நூறு ஆண்டுப் பழைய வாதத்தின் பொருள்கள். சேந்த்-எத்தியென் நகரத்து போல் த விவி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதியவர், 1887-இல் ஓர் இதழ் தொடங்கி, பந்தயக்காரனின் ஒற்றைக் கியருக்கு எதிராகச் சாமானியப் பயணியின் பல கியருக்காக வாழ்நாள் முழுதும் வாதாடினார். டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ஜ் அதை ஏற்கவில்லை. கியர் மாற்றி என்பது பலவீனனுக்கு என்று நினைத்தவர் அவர். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றியை அனுமதித்த முதல் ஆண்டு 1937. அந்த ஆண்டு வென்றவர்தான் லப்பேபி.

வெலோசியோ 1930-இல் இறந்தார். மலைச்சரிவில் விழுந்து அல்ல, தன் ஊர்த் தெருவில் டிராம் மோதி. அவரிடம் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சைக்கிள் இருந்தது. பல கியர் இருந்தது. அகல டயர் இருந்தது. மற்ற வண்டிகளிலிருந்து பிரித்துவைத்த பாதைதான் இல்லை. எத்தனை ஆயிரம் யூரோ கொடுத்து எந்தச் சட்டகத்தை வாங்கினாலும் நிலைமை இன்றும் அதேதான். மிடி கால்வாயின் கரடுமுரடான பகுதிகளில்கூட, கொஞ்சம் அகலமான டயர் போட்ட பழைய சைக்கிள் ஒழுங்காகப் போகும். விலையுயர்ந்த கிராவல் சைக்கிளைக் கொண்டுபோய் வண்டிகள் பறக்கும் மாவட்டச் சாலையில் விட்டால் அந்த இன்பத்தில் ஒரு துளியும் கிடைக்காது. இன்பம் பாதையில் இருக்கிறது. ஆனால் பாதையை யாராலும் பெட்டியில் வைத்து விற்க முடியாது என்பதால் விளம்பரம் முழுக்கச் சைக்கிளைப் பற்றியே பேசுகிறது.

எதிர்த்தரப்பில் கேட்க வேண்டிய வாதங்களும் உண்டு. ஒன்று, தார் பற்றியது. பாதைக்கு அரசு பணம் செலவிட்டால் தார் போட்டுக் கெடுத்துவிடும், மண்பாதையின் சுவை போய்விடும் என்கிறார்கள் கிராவல் விரும்பிகள். கவலை நியாயமானது, தார் மண்ணுக்குள் நீர் இறங்குவதைத் தடுக்கிறது, வெயிலில் சுடுகிறது, செலவும் பிடிக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய், மழைநாளில் வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்கு அந்த வழவழப்பு சுவை சார்ந்த விஷயமில்லை. அதுதான் அவர்களுக்கு நுழைவாயில். ஊர்களை ஒட்டிய பகுதிகளில் கெட்டியான தளம், ஊர்களுக்கு அப்பால் இறுக்கிய மணல் தளம் என்று பிரித்துக்கொள்வதே முறை. இறுக்கிய மணலுக்கும் பராமரிப்பு வேண்டும். சில குளிர்காலங்களில் அது கரைந்து பள்ளமாகும். கவனிக்காமல் விட்ட பாதைதான் இயற்கைப் பாதை என்று நினைப்பவர், இரண்டு மூன்று ஆண்டில் முட்புதருக்குள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஆடம்பரம் பற்றியது. வசதி படைத்த வெளிநாட்டுப் பயணிகளின் பொழுதுபோக்குக்கு ஏன் மக்கள் வரிப்பணம் என்ற கேள்வி. அதற்கு விடை தேடி பர்கண்டிக்குப் போக வேண்டாம். பாரிஸில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் லா ஷப்பலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் லா வில்லெத் நீர்த்துறை இருக்கிறது. ‘ஊர்க்’ (Ourcq) என்னும் கால்வாய் அங்கே வந்து சேர்கிறது. 1802-இல் நெப்போலியனின் ஆட்சியில், பாரிஸுக்குக் குடிநீர் கொண்டுவர முடிவுசெய்து, நகருக்குள் வரும் மதுவின்மேல் வரி போட்டு வெட்டத் தொடங்கிய கால்வாய். இன்றும் பாரிஸ் மாநகராட்சியின் சொத்து. அதன் கரையோரச் சைக்கிள் பாதை பாந்தன், பொபின்யி, போந்தி, செவ்ரான் என்று வடகிழக்குப் புறநகர்கள் வழியே போய், பிறகு மரங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே நுழைகிறது. அந்தப் புறநகர்கள் உழைப்பாளிகளும் புலம்பெயர்ந்தவர்களும் வாழும் இடங்கள். ஈழத்தமிழர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பாதையில் காலையில் வேலைக்குப் போகிறவரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறவரும் சுற்றுலாக்காரர்கள் இல்லை. ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டுக்கு வலு சேர்ப்பதே, இந்தப் பாதைகளை ‘தப்பித்தல்’ என்று விற்கும் விளம்பரங்கள்தான். ஊராருக்கு அது தப்பித்தல் இல்லை. அது அவர்களின் வழி.

மூன்றாவது வாதம் இன்னும் கனமானது. ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றிவிட்டால் ரயில் இனி வரவே வராது. கிராமத்தார் ரயிலைத்தான் கேட்டார்கள், சைக்கிள் பாதையைக் கேட்கவில்லை என்று சில பகுதிகளில் எழும் குரல் அது. இதற்கு எளிய பதில் கிடையாது. பதில் இல்லாததே என் கட்சிக்கு வலு. மூடிய ரயிலின் மேல் ஓடும் பாதை, யாரோ ஒருவர் இழந்த சேவையின் மேல் ஓடுகிறது. அதை இயற்கையின் வரம் என்று வருணிப்பது அந்த இழப்பையே மறைக்கிறது. தடம் முழுதாக ஊராட்சிகளின் கையில் இருந்தால், சைக்கிள் இருக்கும் வரை நிலம் துண்டு துண்டாக விலைபோகாது. நாளை ரயில் திரும்ப வேண்டுமென்றால் தடம் அங்கே இருக்கும். பொதுச் சொத்தாக இருக்கும் வரைதான் அந்த வாதத்துக்கே இடமுண்டு.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அதிகம் மறக்கப்பட்ட பாதைகள். கால்வாய்க்கும் ரயில் தடத்துக்கும் பெயர் உண்டு, பலகை உண்டு. வயல்களுக்கும் தோப்புகளுக்கும் இடையே ஊரிலிருந்து ஊருக்குப் போகும் ஊர்ப்புற மண்பாதைகளுக்கு அவை கிடையாது. கிராவல் சைக்கிளின் உண்மையான வெளி அவைதான். பிரெஞ்சுச் சட்டப்படி அவை கொம்யூனின் சொத்து. புதுச்சேரியில் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்தாக நீடிக்கும் அமைப்பின் மூல வடிவமான அதே கொம்யூன். நாடு முழுவதும் சுமார் 35,000 கொம்யூன்கள். மக்கள் பயன்பாட்டுக்குத் திறந்திருந்தாலும் இந்தப் பாதைகள் கொம்யூனின் தனிச்சொத்துக் கணக்கில்தான் வருகின்றன. அதன் விளைவு கசப்பானது. மக்கள் பயன்படுத்தவில்லை என்றால், பொது விசாரணை நடத்திவிட்டு விற்கலாம். பக்கத்து நிலக்காரர் உழுது சேர்த்துக்கொண்டு முப்பது ஆண்டு அனுபவித்துவிட்டால் அவருக்கே உரிமையாகிவிடும்.

அப்படி எத்தனையோ பாதைகள் போயின. 1941 சட்டத்தோடு தொடங்கி, போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வேகமெடுத்த நிலச் சீரமைப்பு, சிதறிக் கிடந்த வயல்களை ஒன்றாக்கி டிராக்டருக்கு வசதி செய்தது. வேலிப்புதர்களோடு பாதைகளையும் துடைத்தது. 2022 பிப்ரவரியில்தான், கொம்யூன் மன்றம் தன் பாதைகளைக் கணக்கெடுக்க முடிவுசெய்தால் அந்தக் காலத்துக்கு முப்பது ஆண்டுக் கணக்கு ஓடாமல் நிற்கும் என்று சட்டம் சலுகை கொடுத்தது. கவனியுங்கள்: கணக்கெடுக்க ‘முடிவுசெய்தால்’. ஒரு சிற்றூர் மன்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கைதூக்கித் தீர்மானம் போட்டால் பாதை பிழைக்கும். போடாவிட்டால் அடுத்த அறுவடைக்குள் கோதுமை முளைத்திருக்கும். நடக்கவும் ஓட்டவும் ஆள் வந்துகொண்டே இருந்தால், பயன்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வகையில் சைக்கிள்காரரின் டயர்த்தடம் ஒரு சாட்சியம். ஆனால் தான் சாட்சி என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே பிரான்ஸுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், மிடி கால்வாயின் கரையிலும் போன் நகரின் சரிவிலும் ஆசை தீர ஓட்டட்டும். எழுதுகிறவர்கள் மட்டும் மனிதக் கை படாத இயற்கை என்ற பொய்யை எழுதாமல் இருக்கட்டும். அங்கே கை படாத ஓர் அங்குலம்கூட இல்லை. உப்பு வரி கொடுத்தவன், மழையில் மண் வெட்டியவள், தண்டவாளம் போட்டவன், அதைப் பெயர்த்தவன், மரம் நட்டவன், சட்டம் எழுதியவன், ஊர் மன்றத்தில் கை தூக்கியவள் என்று எல்லாருடைய கையும் பட்டது அது. பொதுச் சொத்து என்று அறிந்தவர்கள்தான் அதைக் காப்பாற்றப் போகிறார்கள். இயற்கையின் கொடை என்று நம்புகிறவர்கள், அது போன பிறகு வேறொரு நாட்டுக்கு டிக்கெட் எடுப்பார்கள்.